பிடிஎஃப் கொட்டிக் கிடக்கிறது, அப்புறம் எதற்குத் தனியாகப் பயிற்சித்தாள்?

வாசகர் கேள்வி, ஜனவரி 18, 2025

"பாடநூல் மொத்தமும் பிடிஎஃப்பாக இருக்கிறது. கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடுகிறது. கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, மணற்கேணி செயலி இருக்கிறது, யூடியூபைச் சொல்லவே வேண்டாம். எல்லாம் இலவசம். இதற்கு மேலும் ஆசிரியர்கள் உட்கார்ந்து பயிற்சித்தாள் தயாரித்து, அதை யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்க வேண்டும் என்கிறீர்கள். இதில் என் மகளுக்கு என்ன லாபம்?" கடலூர் முதுநகரிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் அப்பா கேட்டது.

ஜனவரி 18, இரவு

நியாயமான கேள்வி சார். நீங்கள் சொன்ன எல்லாமே என் வகுப்பிலும் ஓடுகிறது. நான் கடலூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 2018இல் புதுப் பாடநூல் வந்தபோது உள்ளே கியூஆர் குறிகளைப் பார்த்து நாங்கள் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். அதற்குப் பின்னால் இருப்பது மத்திய அரசின் திக்‌ஷா தளம், 2017 ஆசிரியர் தினத்தன்று தொடங்கியது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது. கொரோனா சமயத்தில் அது மட்டும் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பாடமே விட்டுப்போயிருக்கும்.

குறை எங்கே என்றால், இவற்றை எல்லாம் பார்க்கலாம், படிக்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம். என் வகுப்புக்கு ஏற்ற மாதிரி திருத்தி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மின்னோட்டவியல் பாடம், தொடர் இணைப்பும் பக்க இணைப்பும். தொடர் இணைப்பில் ஒரு பல்பு போனால் மொத்தமும் அணையும், பக்க இணைப்பில் மற்றவை எரியும் என்று எல்லா வீடியோவிலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு பையன் எழுந்து, "மிஸ், கோயில் திருவிழாவுக்குப் போடுற சீரியல் செட்டுல ஒரு பல்பு போனா கொஞ்ச தூரத்துக்குத்தான் அணையுது, மீதி எரியுதே. அப்ப அது சீரியலா பேரலலா?" என்று கேட்டான். அவன் மாமா மைக் செட்டும் சீரியல் செட்டும் வாடகைக்கு விடுபவர். ஏணியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்று பார்த்தவன் கேட்கிற கேள்வி அது.

பதில் அழகானது. ஒரு சின்ன பல்புக்குச் சில வோல்ட்டே போதும், வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அதனால் பல பல்புகளைத் தொடராகக் கோத்து, அந்த 230ஐப் பங்கு போட்டுக்கொள்ள வைக்கிறார்கள். அப்படிக் கோத்த துண்டுகளைப் பக்க இணைப்பில் அடுத்தடுத்து மாட்டி நீளமான சரம் ஆக்குகிறார்கள். ஆக ஒரே சரத்துக்குள் இரண்டு இணைப்பும் இருக்கிறது. ஒரு பல்பு போனால் அதன் துண்டு மட்டும் அணையும்.

இந்தக் கேள்வி வந்த பிறகு என் பயிற்சித்தாளில் பழைய கணக்கு ஒன்றை எடுத்துவிட்டு சீரியல் செட்டைப் போட்டேன். தாள் என்னிடம் வேர்டு கோப்பாக இருந்ததால் அன்று ராத்திரியே முடிந்தது. உங்கள் மகளுக்கு லாபம் என்னவென்று கேட்டீர்களே, அவள் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கிற கேள்வி அடுத்த நாள் தாளில் வந்து நிற்பதுதான்.

ஜனவரி 19

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "அப்படியானால் வீடியோவெல்லாம் வீண் என்கிறீர்களா" என்று கேட்டார். இல்லவே இல்லை. அந்தப் பையனுக்கு விளக்கியது நான் மட்டும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் செய்த ஃபெட் என்ற கணினி உருவகப்படுத்தல்களில் மின்சுற்று கட்டும் கருவி ஒன்று இருக்கிறது. 2001இல் இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் பரிசுப் பணத்தில் ஒரு பங்கைப் போட்டு 2002இல் தொடங்கிய வேலை அது. கம்பி, பேட்டரி, பல்பு எல்லாவற்றையும் இழுத்து வைத்து இணைத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கும்.

ஹைடெக் லேபில் ஒரு கணினிக்கு மூன்று பேராக உட்கார வைத்தேன். முதல் பத்து நிமிடம் பாடம் நடக்காது, அதை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். ஒரு கம்பியால் பேட்டரியின் இரண்டு முனையையும் நேராக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டால் அறை முழுக்கத் தீதான். எரியட்டும் என்று விட்டுவிடுவேன். குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று அப்புறம் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அடங்கிய பிறகு மூன்று பல்பைத் தொடராகக் கோக்கச் சொன்னேன், அதே மாதிரி இன்னொரு துண்டு கோத்துப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன், ஒரு பல்பைக் கழற்றச் சொன்னேன். கேள்வி கேட்ட பையன் திரையைக் காட்டி, "மாமா செட்டு" என்றான்.

ஜனவரி 19, இரவு

இணையம் இல்லாமல் ஓடும் என்று சொன்னதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அந்த வாரத்தை யோசித்துப் பாருங்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அடுத்து தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது. கரண்டு இல்லை, டவர் இல்லை. அந்த நாட்களில் எந்தச் செயலியும் உதவவில்லை. முன்னாலேயே அச்செடுத்துக் கொடுத்திருந்த தாள்கள் சில பிள்ளைகளிடம் பையில் நனையாமல் இருந்தன, அவர்கள் அதை எழுதி முடித்துக்கொண்டு வந்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர் இது. இங்கே பாடப்பொருள் தயாரிக்கிற யாரும் அச்சிடத் தோதான ஒரு வடிவம் வைத்திருக்க வேண்டும், பென் டிரைவில் அடங்குகிற ஒரு வடிவமும் வைத்திருக்க வேண்டும். விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் படிக்கக் கீவிக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் கிடைக்கும். ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் இருக்கிற களஞ்சியத்தைப் பள்ளிக் கணினியில் போட்டு வைக்கச் செலவு எதுவும் இல்லை.

ஜனவரி 22

"திருத்தினால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? எல்லோரும் பாடநூல் படத்தை வெட்டி ஒட்டித்தானே கேள்வித்தாள் போடுகிறோம்?" இப்படி ஒரு சக ஆசிரியர்.

வகுப்புக்குள் கேட்க மாட்டார்கள் சார், சட்டமே இடம் கொடுக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பது மீறல் ஆகாது என்கிறது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் பாடத்தொகுப்புகளை நகல் எடுத்துக் கொடுத்த கடை மேல் பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் பதிப்பகங்களின் வாதத்தை ஏற்க மறுத்தது. ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு.

ஆனால் அதே தாளை இணையத்தில் எல்லோருக்கும் வைத்தால் கதை வேறு. பாடநூல் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைத் திருத்தி நம் பெயரில் வெளியிட முடியாது. தமிழ்நாட்டுப் பாடநூலும் சரி, சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் என்சிஇஆர்டி பாடநூலும் சரி, உரிமை வெளியிட்டவர்களிடம் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி எழுதி வைத்த பொருள்தான் நமக்கு வேண்டும். அதற்குத்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இல் வந்தன. விக்கிப்பீடியா அந்த வகை. ஐஐடிகளின் இணையப் பாடத் தொகுப்பான என்பிடெல் அந்த வகை. என்சிஇஆர்டியே 2013இல் தொடங்கிய தேசியக் களஞ்சியம் அந்த வகை. திக்‌ஷாவிலும் ஒவ்வொரு பொருளின் விவரத்திலும் உரிமம் என்னவென்று பாருங்கள். யூடியூபில் தேடும்போது வடிகட்டியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் திருத்திப் பயன்படுத்த அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும். நம் ஆசிரியர்கள் பலர் நல்ல வீடியோ போடுகிறார்கள், ஏற்றும்போது அந்தத் தேர்வைத் தொடுவதே இல்லை. தொடுங்கள், காசு கேட்காது.

"திருத்தக் கூடாது" என்ற நிபந்தனை உள்ள உரிமத்தை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். மொழிபெயர்ப்பதும் திருத்தம்தான். ஆங்கிலத்தில் எத்தனையோ அருமையான பொருள் அந்த ஒரு நிபந்தனையால் தமிழுக்கு வர முடியாமல் நிற்கிறது.

ஜனவரி 26

புதுச்சேரியில் பாகூர் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழி போன் செய்தார். அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

புதுச்சேரியில் இத்தனை காலமும் நம் தமிழ்நாட்டுப் பாடநூல்தான். காரைக்காலிலும் அதேதான், மாஹேவில் கேரளப் பாடம், ஏனாமில் ஆந்திரப் பாடம். இப்போது அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. 2025 பிப்ரவரி 15 தொடங்கும் தேர்வுதான் அந்தப் பிள்ளைகளுக்கு முதல் பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இ பொதுத்தேர்வு. எங்களுக்கு மார்ச் 28. எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் வேறு புத்தகம், வேறு தேர்வு. ஒரே குடும்பத்தில் அக்கா பிள்ளை இந்தப் பக்கமும் தங்கை பிள்ளை அந்தப் பக்கமும் படிக்கிற ஊர்கள் இவை.

தோழியும் நானும் முன்பு தாள்களை அப்படியே மாற்றிக்கொள்வோம். இப்போது அவருக்கு என் பிடிஎஃப் பயன்படாது. பாட வரிசை வேறு, ஆங்கிலக் கலைச்சொல் வேண்டும், மதிப்பெண் பங்கீடு வேறு. வேர்டு கோப்பு பயன்படுகிறது. ஓம் விதி எல்லை பார்த்து மாறாதே! மின்சாரம் பற்றிய தாளில் கணக்கு, படம், சீரியல் செட் எல்லாம் அப்படியே இருக்க, தலைப்பும் சொற்களும் மட்டும் மாற்றி ஒரு மாலையில் முடித்துவிட்டார். ஆவர்த்தன அட்டவணைத் தாள் மட்டும் அவருக்கு வேலைக்கு ஆகவில்லை, என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியா என்று தனியாக ஒரு நாள் பேச வேண்டும், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அவர் சேர்த்த இரண்டு கேள்விகள் இப்போது என் தாளில் இருக்கின்றன. காரணம் கேட்டு வாதிடச் சொல்லும் சிபிஎஸ்இ பாணிக் கேள்விகள். எங்கள் பிள்ளைகள் முதலில் திணறினார்கள், அப்புறம் அதைத்தான் ஆசையாகச் செய்கிறார்கள்.

இதைத்தான் சார் நான் கேட்கிறேன். பிடிஎஃப்போடு நிறுத்தாமல் மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிப்ரவரி 2

மூலக் கோப்பு என்று சொன்னதும் ஒருவர் தன்னிடம் உள்ள பத்து வருடக் கேள்வித்தாள் களஞ்சியத்தை அனுப்பினார். பெரிய மனசு. திறந்தால் வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக இருக்கிறது. வானவில் எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில், முக்கியமாகப் போனில், ஒன்றும் படிக்க முடியாது. பாமினியும் அப்படியே.

நம் பள்ளிகளில் எவ்வளவு உழைப்பு இப்படிப் பூட்டிக் கிடக்கிறது என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. எந்தக் கணினியிலும் போனிலும் படிக்க வருகிற யூனிகோடை அரசு 2010லேயே தரமாக அறிவித்துவிட்டது. இன்றும் அலுவலகம், டிடிபி கடை எல்லாம் பழைய எழுத்துருவில் ஓடுகிறது, தட்டச்சு செய்பவரின் விரல் அந்த விசைப்பலகைக்குப் பழகிவிட்டது. விரலை மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத சேதி. பாமினி விசைகளை அப்படியே வைத்துக்கொண்டு யூனிகோடில் அடிக்க மென்பொருள் இருக்கிறது. பழைய கோப்புகளுக்கு என்எச்எம் மாற்றி மாதிரி கருவிகள் போதும். மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு இடம் மாறி நிற்கும், அப்புறம் பழைய எழுத்துருவிலேயே தவறி நடுவில் அடித்த ஆங்கிலச் சொற்கள் விநோதமான தமிழாக மாறியிருக்கும்.

படங்களுக்கும் இதே கதை. மின்சுற்றுப் படத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தால் மின்தடையின் மதிப்பை மட்டும் மாற்றி நாலு கணக்கு போடலாம். போட்டோ எடுத்து ஒட்டினால் அந்த ஒரு கணக்கோடு சரி.

பிப்ரவரி 3

"பாடப்பொருளைப் பொதுவில் வைப்பதெல்லாம் அமெரிக்காக்காரன் யோசனை, எம்ஐடி ஆரம்பித்தது" என்று ஒரு தம்பி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களைப் பொதுவில் வைக்கப்போவதாக அறிவித்தது 2001. யுனெஸ்கோ கூட்டத்தில் திறந்த கல்வி வளங்கள் என்று பெயர் வைத்தது 2002. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது தம்பி. பல நாட்டிலிருந்த தமிழர்கள் சங்க இலக்கியத்தையும் திருமுறையையும் உட்கார்ந்து தட்டச்சு செய்து, இன்னொருவர் மெய்ப்பு பார்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தார்கள். தமிழாசிரியர்கள் இன்றைக்கும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். இந்த வேலை நமக்குப் புதிது இல்லை.

பிப்ரவரி 10

இது கொஞ்சம் கசப்பான விஷயம். எங்கள் தாள்களை ஒரு டியூஷன் சென்டர் எடுத்து, பெயர்களை நீக்கி, குறுக்கே தன் முத்திரையைப் போட்டு விற்கிறது. எங்கள் பள்ளிப் பிள்ளை ஒன்றே காசு கொடுத்து வாங்கி வந்து காட்டியது. கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். "வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமம் போடுங்கள் டீச்சர்" என்று பலர் சொன்னார்கள். எம்ஐடிகூட அந்த நிபந்தனையைத்தான் வைத்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். மஞ்சக்குப்பத்தில் நகலகம் வைத்திருப்பவர் தாளை அச்சடித்துப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். அவரால்தான் பிரிண்டர் இல்லாத பிள்ளைக்குத் தாள் கிடைக்கிறது. அவர் செய்வது வணிகமா இல்லையா? சாயங்காலம் சொற்பக் கட்டணத்தில் பாடம் சொல்லும் பட்டதாரிப் பெண்? அந்த நிபந்தனை டியூஷன் சென்டரை நிறுத்துமோ என்னவோ, இவர்களை நிச்சயம் பயமுறுத்தும். எனவே பெயரைக் குறிப்பிட வேண்டும், திருத்தியதை அதே உரிமத்தில் திருப்பித் தர வேண்டும் என்ற உரிமத்திலேயே நிற்கிறேன். விற்கட்டும். பெயரை அழிப்பதும் அடுத்தவர் திருத்த முடியாதபடி பூட்டுவதும்தான் மீறல், அதைச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பாகூர் தோழியின் பெயர், சீரியல் செட் கேள்வி கேட்ட பையனுக்கு நன்றி என்ற வரி, இரண்டும் அந்தத் தாளில் இருந்தவை. அவை திரும்ப வர வேண்டும்.

பிப்ரவரி 12

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகளிடம் இலவசக் கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டோம், இனி அதை வாங்க மாட்டார்கள்.

பிப்ரவரி 23

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பயிற்சித்தாள் தருமே என்றவருக்கு. தருகிறது, நானும் கேள்விகளின் முதல் வரைவுக்குப் பயன்படுத்துகிறேன். விடைகளை நானே போட்டுப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். அலகில் தவறும், தமிழ்க் கலைச்சொல் நம் பாடநூலில் இல்லாததாக வந்து நிற்கும். சரிபார்த்த தாள்களின் பொதுச் சேமிப்பு ஒன்று இருந்தால் அந்தக் கருவியும் நமக்கு இன்னும் நன்றாக உதவும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 9

நெய்வேலியிலிருந்து ஒரு சிறப்பாசிரியர் எழுதியிருக்கிறார். அவரிடம் பார்வையற்ற மாணவி ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான், இலவச மென்பொருள்தான், அதைக் கணினியில் போட்டுத் தமிழில் கேட்டுப் படிக்கிறாள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைத் திறந்தால் அது பேசாது, அதற்கு அந்தப் பக்கம் வெறும் படம். பழைய எழுத்துருவில் இருந்தால் ஆங்கில எழுத்துகளாக வாசித்துத் தள்ளுகிறது. எங்கள் யூனிகோடு கோப்பை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டதாம்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக நூல்களை மாற்றித் தர அனுமதிக்கும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் நிறைவேறியது, அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். நம் சட்டத்திலும் 2012 திருத்தத்திலேயே அந்த இடம் இருக்கிறது. சட்டத் தடை இல்லை, மாற்றித் தருவதற்கு ஆளும் நேரமும்தான் இல்லை. முதலிலேயே ஒழுங்காகத் தயாரித்த கோப்பு அந்த ஆளின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

மிச்சம் இருப்பது படங்கள். மின்சுற்றுப் படத்தை வாயால் எப்படிச் சொல்வது? அந்தச் சிறப்பாசிரியரும் நானும் இப்படி ஒரு வரைவு வைத்திருக்கிறோம்: "பேட்டரியின் நேர்முனையில் தொடங்கு. கம்பி ஒரு சந்திக்கு வருகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழியில் 2 ஓம் மின்தடை, மற்றொரு வழியில் 4 ஓம். இரண்டு வழியும் மறுபடி ஒரு சந்தியில் சேர்ந்து எதிர்முனைக்குப் போகின்றன." மாணவி இதைக் கேட்டுவிட்டு மேசையில் விரலால் வரைந்து காட்டி, தொகுபயன் மின்தடை மூன்றில் நான்கு (4/3) ஓம் என்று சரியாகச் சொன்னாளாம். அவள் சொன்ன ஒரே திருத்தம், சந்திகளுக்கு அ, ஆ என்று பெயர் வைத்தால் திரும்பிப் போய்க் கேட்கச் சுலபம் என்பது. வைத்துவிட்டோம். ஒளியியலில் கதிர்ப்படங்கள் இதைவிடக் கடினம், குவிலென்சுக்கு ஆறு நிலைகள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கு வரைவு போட்டிருக்கிறேன், மீதி நான்கையும் எடுத்துச் செய்ய இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கோப்பை இன்றே அனுப்புகிறேன்.